உப்பு அங்கே இருக்கு

பதினோராவது நாள் காலையில் வெங்காயம் தீர்ந்தது.

சின்னவள் கூடையைக் கவிழ்த்துத் தட்டினாள். சருகுதான் உதிர்ந்தது.

"அக்கா, இனிமே வெங்காயம் கிடையாது."

"போனா போகுது. அழறதுக்கு நமக்கு வேற காரணமா இல்ல?" என்று கூடத்திலிருந்து பெரியவளின் குரல் வந்தது.

பதினோரு நாளுக்கு முன்னால் ஒரு மத்தியானம், வீட்டுச் செருப்போடு, ஒரு கையில் ஏழு வயது மகள் குட்டியையும் மறு கையில் ஒரு துணிப்பையையும் பிடித்துக்கொண்டு சின்னவள் இந்த மூன்றாம் மாடி வீட்டின் கதவைத் தட்டினாள். பை பிடித்திருந்த இடது கையில் இரண்டு விரல்கள் ஊதி நீலம் பாரித்திருந்தன. மேசை இழுப்பறைக்குள் அந்த விரல்களை வைத்து, அவள் கணவன் இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி அதை மூடியிருந்தான். சட்டையில் ஒரு பொத்தான் தைக்காமல் விட்டதற்கு அந்தத் தண்டனை.

அவனுக்குப் பூட்டுத் தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் நிற்பவர்கள் கூப்பிட்டால், பெட்டியோடு வந்து கதவைத் திறந்து கொடுப்பான். பூட்டுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். அதிர்ந்து பேசாத மனிதர், பழகினால் விடமாட்டார் என்பார்கள். விடமாட்டார் என்பது மட்டும் சத்தியம். அப்படிப்பட்டவனிடமிருந்து ஓடி வந்தவளை எந்தப் பூட்டைப் போட்டுக் காப்பாற்றுவது?

பெரியவள் முதல் நாளே அதைத்தான் யோசித்தாள். உள்தாழ்ப்பாள் ஒன்றை வாங்கி வந்து முடுக்கிப் பார்த்தாள். கதவின் நிலைச்சட்டம் செல்லரித்துக் கிடந்தது. திருகாணி கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவள் கண் சமையலறையில் நின்ற பெட்டி ஃப்ரீசர் மேல் போனது.

பெரியவள் லாரி ஓட்டுகிறவள். போனால் ஆறு நாள், ஏழு நாள். திரும்பி வரும் நேரத்தில் கடை திறந்திருக்காது. திறந்திருந்தாலும் போகத் தெம்பு இருக்காது. அதனால் அலமாரி கொள்ளாமல் டின்னும் பொட்டலமும், ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசரும் வைத்திருந்தாள். அடிமட்டம்வரை நிரம்பிய அந்த ஃப்ரீசரை அக்காவும் தங்கையும் மூச்சுப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். வயரைக் கூடத்துப் பிளக்கில் செருகினார்கள். யானை படுத்த மாதிரி கிடந்தது. "இப்ப திறக்கட்டும் பாக்கலாம்," என்றாள் பெரியவள், கையைத் தட்டிக்கொண்டு.

வெளியே யாரும் போவதில்லை. இருப்பதை வைத்துச் சமையல்.

சின்னவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. பத்து நிமிஷத்தில் ஒரு சாப்பாடு ஆகிவிடுகிறது. சோற்றில் உறைந்த பட்டாணியைக் கொட்டி, ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத்தூளைத் தூவினால் ஒரு வேளை. டின் மீனை எண்ணெயோடு மக்ரோனியில் பிரட்டினால் இன்னொரு வேளை. கல்லாக உறைந்த ரொட்டித் துண்டை அப்படியே சூடான கல்லில் போட்டால் மொறுமொறுவென்று எழுந்துவிடும். கடலை வெண்ணெயைத் தடவிக் கொடுத்தால் குட்டி இரண்டு வாயாகச் சாப்பிடும். பருப்பு வேகும்போது கைப்பிடி உறைந்த கீரையைப் போட்டால் போதும், அதுவே குழம்பு.

கணவன் வீட்டில் இப்படியா சமைத்தாள்? எட்டு பத்துக்குத் தட்டு மேசையில் இருக்க வேண்டும். எட்டு பன்னிரண்டுக்கு இருந்தால் தட்டு சுவரில் இருக்கும். உப்பை ஐந்து தரம் நாக்கில் வைத்துப் பார்த்து, கடைசியில் எது உப்பு என்றே தெரியாமல் போகும்.

இங்கே வந்த மூன்றாம் நாள் சோறு அடிப்பிடித்துவிட்டது. கருகல் வாசனை வந்த அடுத்த நொடி சின்னவள் தோளைக் குறுக்கி, தலையைத் தாழ்த்தி, கையால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நின்றாள். பெரியவள் வந்து பார்த்தாள். கரண்டியை எடுத்துக் கருகலைச் சுரண்டித் தட்டில் போட்டுக்கொண்டாள்.

"கருகினா என்னடி, எனக்குப் பல்லு இருக்கு," என்று நறநறவென்று கடித்துச் சாப்பிட்டாள். அன்று சின்னவள் அழுது தீர்த்தாள்.

இன்றைக்கு வேறு கவலை. குட்டிக்கு விடிந்ததிலிருந்து காய்ச்சல். பாட்டிலை எத்தனை தரம் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு மருந்து இல்லை.

"தெருமுனையில மருந்துக்கடை. போயிட்டு வர இருபது நிமிஷம்," என்றாள் பெரியவள். ஒரு துணிப்பையைத் தோளில் மாட்டினாள். அதற்குள் லாரிச் சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பேனர் இருந்தது. பதினோரு நாளாக அது அவள் கையை விட்டுப் பிரியவில்லை.

"நானும் வரேன்க்கா."

"காய்ச்சல்காரியைத் தூக்கிட்டு வெயில்லயா? பேசாம இரு. நான் போனதும் ஃப்ரீசரைத் தள்ளிக்கோ. நான் வந்து மூணு தட்டு தட்டுவேன்."

பெரியவள் குனிந்து இடுப்பால் ஓர் இடி இடித்தாள். ஃப்ரீசர் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போனது. முதல் நாள் இரண்டு பேர் மூச்சைப் பிடித்துத் தள்ளியது, இன்றைக்கு ஒற்றை இடுப்புக்கு அசைகிறது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தின்னே கரைச்சுட்டோம்டி," என்றாள் பெரியவள். சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை. "இருபது நிமிஷம்தான். ஓடி வந்துடறேன்."

அவள் படியிறங்கும் சத்தம் தேய்ந்ததும் சின்னவள் ஃப்ரீசரை முழங்காலாலேயே கதவோடு ஒட்டித் தள்ளினாள். அத்தனை லேசாக இருந்தது. மூடியைத் திறந்து பார்த்தாள். அடியில் அரைப் பை பட்டாணி, ஒரு ரொட்டி, ஒரு கிலோ கொத்துக்கறிப் பொட்டலம் ஒன்று. அவ்வளவுதான்.

கறியை எடுத்துக்கொண்டுபோய் இளகட்டும் என்று பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டாள். செங்கல் விழுந்த மாதிரி ஒரு சத்தம். அடுப்பில் டின் தக்காளியும் கொண்டைக்கடலையும் கொதித்துக்கொண்டிருந்தன. மக்ரோனியை வடித்து வைத்தாயிற்று. குட்டி கூடத்துச் சோபாவில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தது.

ஃப்ரீசரை எப்படியாவது கனமாக்க வேண்டும். அரிசி டப்பாவைத் தூக்கி வந்து உள்ளே வைத்தாள். மாவு டப்பாவை வைத்தாள். ஒரு வாளி தண்ணீரைப் பிடித்து வந்து வலது கையால் தூக்கி உள்ளே இறக்கினாள். இரண்டாவது வாளிக்குத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். சாவித் துவாரத்துக்குள் கம்பி நுழைந்து எதையோ தடவித் தேடும் சத்தம். எட்டு வருஷமாக அவன் சாப்பாட்டு மேசையில் பூட்டுகளை வைத்துக்கொண்டு பழகும்போது கேட்டுக் கேட்டு அவளுக்கு மனப்பாடம். நாற்பது எண்ணுவதற்குள் திறந்துவிடும்.

"நான்தான்," என்றது கதவுக்கு அப்பாலிருந்து ஒரு குரல். "பதறாதே. மெதுவாத்தான் திறக்கறேன்."

வாளி கையிலிருந்து நழுவித் தரையெல்லாம் தண்ணீரானது.

"குட்டி! எழுந்திரு. பாத்ரூமுக்குள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கோ. அம்மாவோ பெரியம்மாவோ சொல்ற வரைக்கும் திறக்கக் கூடாது. ஓடு!"

குட்டி ஒரு கேள்வி கேட்கவில்லை. அந்த வீட்டில் வளர்ந்த குழந்தைக்கு அது பழக்கம். போர்வையை இழுத்துக்கொண்டு ஓடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சின்னவள் ஃப்ரீசர்மேல் உடம்பைச் சாய்த்துக் காலை ஊன்றினாள். நனைந்த தரை. கால் நிற்கவில்லை. கத்தலாம் என்று வாயைத் திறந்தாள். எட்டு வருஷமாகக் கத்தாமலிருக்கப் பழகிய தொண்டை, காற்றுதான் வந்தது.

பூட்டு க்ளிக்கென்றது. கதவு ஒரு விரல் திறந்தது. அப்புறம் ஒரு சாண். அவள் கால்கள் வழுக்கிக்கொண்டே பின்னால் வந்தன. ஃப்ரீசரும் கூடவே வந்தது.

அவன் பக்கவாட்டாக உடம்பை நுழைத்து உள்ளே வந்தான். வெளுத்துத் தேய்த்த சட்டை. கையில் கருவிப்பெட்டி. கதவை மெதுவாகச் சாத்தினான். ஃப்ரீசரை ஒரு கையால் அசைத்துப் பார்த்தான்.

"கனமே இல்லையே. மாமா சொன்னதைக் கேட்டுட்டு நான் என்னமோ மலைன்னு நினைச்சேன்."

"எந்த... மாமா?"

"எனக்கு எத்தனை மாமா? உங்கப்பாதான். அக்கா மருந்து வாங்கப் போறான்னும் அவர்தான் சொன்னார். பாவம், குடும்பம் சேரணும்னு மனுஷனுக்கு அவ்வளவு ஆசை."

சின்னவளுக்குக் காதுக்குள் ஓர் இரைச்சல் எழுந்தது. அப்பா. தினமும் காலை ஒன்பது மணிக்குப் போன் செய்து, 'என்னம்மா இன்னிக்கு சமையல்?' என்று கேட்கிற அப்பா. ஃப்ரீசரைக் கதவுக்கு முட்டுக் கொடுத்த கதையை அவரிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னவள் அவள்தான். இன்று காலை குட்டிக்குக் காய்ச்சல் என்றதும், 'மருந்து வாங்க யார் போறீங்க?' என்று கேட்டாரே.

அவன் சமையலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினான். துடைத்தான். அங்கேயே இருந்த சின்ன மேசை முன்னால் உட்கார்ந்தான்.

"பசிக்குது. போடு. சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம். குட்டி அப்பாவைப் பாத்து எத்தனை நாளாச்சு."

அவள் கைகள் அவளைக் கேட்காமலே தட்டை எடுத்தன. மக்ரோனியை வைத்தன. தக்காளியும் கடலையும் இரண்டு கரண்டி ஊற்றின. அலமாரிப் பக்கம் ஒதுங்கி நின்றாள். அக்கா போய் எத்தனை நிமிஷம்? ஐந்தா, ஆறா?

அவன் ஒரு வாய் சாப்பிட்டான். நிதானமாக மென்றான்.

"உப்பு கம்மி."

அந்த வீட்டில் இந்த இரண்டு வார்த்தைக்குப் பிறகு என்னென்னவோ நடந்திருக்கிறது. ஒரு தரம் கரண்டிக் காம்பைச் சுட வைத்து முதுகில் இழுத்திருக்கிறான். அவள் தோள்கள் தாமாகவே குறுகத் தொடங்கின. பாதியில் நின்றன.

"உப்பு அங்கே இருக்கு," என்றாள்.

யார் சொன்னது என்று அவளே ஒரு கணம் தேடினாள்.

"என்ன சொன்னே?"

"உப்பு அங்கே இருக்கு. உங்க கை எட்டற தூரம்தான்."

அவன் வாயைத் துடைத்துக்கொண்டான். தட்டை இரண்டு விரலால் மேசை ஓரம்வரை நகர்த்தி, அப்படியே விழ விட்டான். எழுந்தான்.

முதல் அடியில் அவள் தலை அலமாரிக் கதவில் மோதியது. கதவு திறந்துகொண்டு டின்கள் அவள் தோளிலும் காலிலும் விழுந்து உருண்டன. இரண்டாவது அடி வாயில். உதடு பல்லில் கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. முடியைக் கொத்தாகப் பிடித்து அவளைத் தொட்டிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"பதினோரு நாள் வெளியில இருந்ததும் வாய் வந்துடுச்சு," என்றான். மூச்சுகூட வாங்கவில்லை. "எந்த ரெண்டு விரல்? இதுங்கதானே?"

கட்டுப் போட்ட விரல்களைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். உள்ளே ஏதோ ஒன்று மறுபடியும் விட்டுப்போனது. இந்தத் தடவை கத்தல் வந்தது. எட்டு வருஷத்துக் கத்தலும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. எதிர்வீட்டில் எப்போதும் சத்தமாக ஓடும் டிவி சட்டென்று நின்றது.

வலது கை தொட்டிக்குள் எதையாவது பிடிக்கத் துழாவியது. சில்லென்று கல் மாதிரி ஒன்று கிடைத்தது. கறிப் பொட்டலம். இன்னும் உருக ஆரம்பிக்கவில்லை. பிடித்தாள். சுழற்றினாள். அவன் காதுக்கு மேலே அது போய் இறங்கிய சத்தம் சமையலறை முழுதும் கேட்டது.

அவன் பிடி விட்டது. ஒரு முழங்காலில் உட்கார்ந்தான். காதைத் தொட்டுப் பார்த்தான். விரலில் ரத்தம். அதைப் பார்த்துச் சிரித்தான். நிஜமாகவே வேடிக்கையான ஒன்றைப் பார்த்த சிரிப்பு.

"நீயா?"

எழுந்து வந்தான். அவள் அடுப்பிலிருந்த பாத்திரத்தை ஒற்றைக் கையால் தூக்கி அப்படியே வீசினாள். கொதிக்கும் தக்காளியும் கடலையும் அவன் கழுத்திலும் நெஞ்சிலும் போய் அப்பின. முதல்முறையாக அவன் அலறினான். சட்டையைப் பிய்த்துக்கொண்டே வந்து அவளை இரண்டு கையாலும் தூக்கிக் கூடத்துப் பக்கம் எறிந்தான். அவள் முதுகு ஃப்ரீசரின் விளிம்பில் இடித்தது. விழுந்தவளை விலாவில் ஓர் உதை. மறுபடியும் ஒன்று. மூச்சு உள்ளே போகவில்லை. கூரை சுற்றியது.

அவன் அவளைத் தாண்டிப் போய்க் கருவிப்பெட்டியைத் திறந்து ஒரு திருப்புளியை எடுத்தான். குளியலறைக் கதவின் முன்னால் மண்டியிட்டான்.

"குட்டி, அப்பா வந்திருக்கேன்மா. கீல்ல ஆறே ஆறு ஆணிதான். கழட்டிட்டா வீட்டுக்குப் போயிடலாம்."

ஒரு திருகாணி கீழே விழுந்து உருண்டது. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. இரண்டாவது விழுந்தது.

சின்னவள் தவழ்ந்தாள். தண்ணீரிலும் குழம்பிலும் வயிற்றை இழுத்துக்கொண்டு போய் அவன் கணுக்காலைப் பிடித்தாள். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், மற்றக் காலின் குதியால் அவள் உடைந்த விரல்களை மிதித்து நசுக்கினான். அவள் விடவில்லை. பல்லால் கடித்தாள். ஆடுசதையில் பல் இறங்கியது. அவன் காலை உதறி அவள் நெற்றியில் உதைத்தான். மூன்றாவது திருகாணி விழுந்தது.

அப்போது ஃப்ரீசர் தரையைக் கீறிக்கொண்டு நகர்ந்தது. கதவு சுவரில் மோதியது.

பெரியவள் மூன்று தட்டுத் தட்டவில்லை. பூட்டுத் திறந்து கிடந்ததைப் பார்த்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. மருந்துப் பாட்டில் எங்கேயோ விழுந்து உடைந்தது. துணிப்பையோடு சேர்த்தே ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அவன் பாதி எழுவதற்குள் முதல் அடி முழங்காலில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற மாதிரி கேட்டது. அவன் பக்கவாட்டில் சரிந்தான். திருப்புளியோடு கையை ஓங்கினான். அடுத்த அடி அந்தக் கையில். திருப்புளி பறந்தது. மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது.

"அண்ணி, அண்ணி... இருங்க..."

"அண்ணியா?" என்றாள் பெரியவள். தோளில் ஓர் அடி. "இழுப்பறையில விரலை வெச்சு மூடினியே, அப்ப எங்கடா போனாங்க அண்ணி?"

ஸ்பேனர் தலைக்கு மேலே உயர்ந்தது. இந்த அடி எங்கே விழப்போகிறது என்பது மூன்று பேருக்குமே தெரிந்தது. அவன் உடையாத கையால் தலையை மூடிக்கொண்டு சுவரோரம் குறுகினான். தோளைக் குறுக்கித் தலையைத் தாழ்த்தி எப்படி உட்காருவது என்று அவனுக்கும் தெரிந்திருந்தது.

"அக்கா, போதும்."

"விடுடி. இன்னியோட முடிச்சுடறேன்."

"அக்கா. கதவுக்கு அந்தப் பக்கம் குட்டி இருக்கா. எல்லாம் காதுல விழுந்துட்டு இருக்கு."

பெரியவளின் கை அப்படியே நின்றது. மூச்சு இரைத்தது. பிறகு கை மெல்லக் கீழே இறங்கியது. ஸ்பேனர் தரையில் விழுந்தது. அவளும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வாசலில் எதிர்வீட்டு வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். பதினோரு நாளில் ஒரு வார்த்தை பேசாத மனிதர். கையில் போன். "போலீசுக்குச் சொல்லிட்டேன்," என்றார். "ஆம்புலன்சுக்கும்."

கால் மணி நேரத்தில் வீடு ஆட்களால் நிறைந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அவனை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக் காலுக்குச் சட்டம் வைத்துக் கட்டினார்கள். நடுத்தர வயதுப் போலீஸ்காரம்மா ஒருவர் நோட்டும் பேனாவுமாக நின்று, கவிழ்ந்த தட்டையும் கழற்றிய திருகாணிகளையும் ஸ்பேனரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சின்னவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கண் மூடிக்கொண்டுவிட்டது. குட்டி அவள் மடியில் முகத்தைப் புதைத்திருந்தது. நெற்றி இன்னும் கொதித்தது.

"என்ன நடந்தது?" என்று போலீஸ்காரம்மா கேட்டார்.

பதில் ஸ்ட்ரெச்சரிலிருந்து வந்தது.

"வழுக்கி விழுந்துட்டேன் மேடம்." அவனுடைய பழைய குரல், அதிர்ந்து பேசாத குரல். "தரையெல்லாம் தண்ணி. அடுப்புல இருந்தது மேல கொட்டி, விழுந்து, கால் மடங்கிடுச்சு. அவளும் என்னைப் பிடிக்க வந்து விழுந்துட்டா. குடும்பத்துல யார் மேலயும் தப்பு இல்ல. என் பெண்டாட்டியையும் குழந்தையையும் என்கூட ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. எனக்கு வேற யாரு இருக்கா?"

போலீஸ்காரம்மா ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அப்படியாம்மா?" என்று சின்னவளிடம் திரும்பினார்.

பெரியவள் தங்கையின் தோளை அழுத்தினாள். அந்த அழுத்தத்துக்கு அர்த்தம் சின்னவளுக்குப் புரிந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்காவின் லாரிக்கும் வேலைக்கும் ஒன்றும் ஆகாது. யாரும் ஜெயிலுக்குப் போக வேண்டாம். சொல்ல வேண்டியதை அவனே எழுதிக் கொடுத்துவிட்டான்.

வழுக்கி விழுந்துட்டேன். அது அவள் வாக்கியம். மூன்று ஆஸ்பத்திரிகளில், மூன்று டாக்டர்களிடம், அவன் பக்கத்தில் நின்று முதுகைத் தடவிக்கொடுக்க, அவள் சொன்ன வாக்கியம். விலா உடைந்தபோதும் சொன்னாள். முதுகில் சூடு பட்டபோது, அடுப்பு மேல் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அந்த வாக்கியத்தைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அவள் அவனோடுதான் வீட்டுக்குத் திரும்பினாள்.

அவன் ஸ்ட்ரெச்சரிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ரத்தத்துக்கு நடுவில் ஒரு சின்னப் புன்னகை. எந்தப் பூட்டானாலும் அவனிடம் ஒரு கம்பி இருந்தது.

"இல்லங்க," என்றாள் சின்னவள். உதடு வீங்கி வார்த்தை குழறியது. மறுபடியும் தெளிவாகச் சொன்னாள். "இல்ல. அவன் வழுக்கி விழல. நான் அடிச்சேன்."

"ஏய்..." என்றாள் பெரியவள்.

"விடுக்கா. எழுதிக்கோங்க மேடம். பூட்டை உடைக்காம திறந்து உள்ள வந்தான். சோறு போடச் சொன்னான். உப்பு கம்மின்னான். விரலை உடைச்சான். உறைஞ்ச கறிப் பொட்டலத்தால காதுகிட்ட அடிச்சேன். கொதிக்கிற குழம்பை எடுத்து ஊத்தினேன். காலைக் கடிச்சேன், பல்லுத் தடம் இருக்கும், பாத்துக்கோங்க. குளியலறைக் கதவைக் கழட்டிக் குழந்தையை எடுக்கப் பாத்தான்."

ஸ்ட்ரெச்சரில் புன்னகை காணாமல் போனது. "பைத்தியம் மேடம் அவ... தலையில அடிபட்டிருக்கு..."

"நீ வாயை மூடு," என்றாள் சின்னவள்.

அவனிடம் அவள் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. குட்டி மடியிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தது.

போலீஸ்காரம்மா கையசைத்தார். ஸ்ட்ரெச்சர் படியிறங்கியது. வளைவில் அவன் கத்தல் ஒன்று கேட்டது. கால் எங்கேயோ இடித்திருக்கும். பேனா நோட்டில் ஓடிக்கொண்டே இருந்தது.

"கறி, குழம்பு, பல்லு. சரி," என்றார். "முழங்கால்? மணிக்கட்டு?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அதையும் தன் கணக்கில் சேர்த்துவிட அவள் தயாராகத்தான் இருந்தாள்.

"அது நான்," என்றாள் பெரியவள். ஸ்பேனரைக் காலால் முன்னே தள்ளினாள். "இதுதான். தலையில போடறதா இருந்தேன். இவ தடுத்துட்டா. அதையும் எழுதுங்க."

போலீஸ்காரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"நீங்களா சொல்லிட்டீங்க. நான் எழுதித்தான் ஆகணும். முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் ரெண்டு பேரும் ஸ்டேஷனுக்கு வரணும். எத்தனை நேரம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. குழந்தையை அதுவரைக்கும் யாராவது பாத்துக்கணுமே. சொந்தத்துல பெரியவங்க யாராவது இருக்காங்களா? அம்மா, அப்பா?"

பெரியவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. "அப்பா இருக்கார் மேடம். ஒரு போன் பண்ணினா ஓடி வந்துடுவார்," என்று தன் போனை எடுத்தாள்.

சின்னவள் அந்தப் போனின் மேல் கையை வைத்தாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்தாள். விலா குத்தியது. உடையாத கையால் குட்டியை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வேண்டாம்க்கா. இவ நம்மளோட வருவா."

"ஏன்டி? அப்பாகிட்ட விட்டா என்ன?"

சின்னவள் படியை நோக்கி நடந்தாள்.

"வண்டியில ஏறினதும் சொல்றேன். நீ முதல்ல உக்காந்துக்கோ."